கலைக்களஞ்சியத்தை எடைபோட்டு வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகங்களில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்று தனி இடம் ஒதுக்கும் பேச்சு இப்போது பல ஊர்களில் அடிபடுகிறது. சுவரில் ஓவியம் வரைகிறார்கள், வண்ண நாற்காலி போடுகிறார்கள், திறப்பு விழாவுக்குப் பந்தல்கூடப் போட்டுவிடுகிறார்கள். அந்த அலமாரியில் எந்தப் புத்தகம் நிற்கப்போகிறது என்ற பேச்சு மட்டும் கடைசியில் அவசர அவசரமாக முடிந்துவிடுகிறது. அதிலும் கலைக்களஞ்சியம் என்றால் கேள்வியே கிடையாது, கனமாக இருந்தால் போதும். ஈரோடு மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இடம் போதாவிட்டால் என் புலம்பலை வெட்டுங்கள், விவரத்தில் கை வைக்காதீர்கள்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இந்த ஆண்டு அப்படி ஒரு பிரிவு தொடங்கினார்கள். நெசவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில் வைத்திருக்கும் புரவலர் ஒருவர் தகப்பனார் நினைவாக 50,000 ரூபாய் கொடுத்தார். “பெரிய பெரிய புக்கா வாங்கிப் போடுங்க, உள்ள நொழஞ்சதும் கண்ணுக்குத் தெரியோணும்” என்பதுதான் அவர் வைத்த ஒரே நிபந்தனை. பணம் கொடுக்கிறவர் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் வாசகர் வட்டக் கூட்டத்திலும் அதே பேச்சாகத்தான் இருந்தது. விற்பனைப் பிரதிநிதி கொண்டுவந்த விலைப்பட்டியல் கைமாறிக்கொண்டே போனது. எத்தனை தொகுதி, எத்தனை சதவீதம் கழிவு, பைண்டிங் தாங்குமா, தாள் வழவழப்பா, இவ்வளவுதான். இதில் ஒரு பக்கமாவது யாராவது படித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பிரதிநிதி சட்டென்று ஒரு புத்தகத்தைத் திறந்து வண்ணப்படத்தைக் காட்டினார். சிங்கம். எந்த மாதிரிப் பிரதியைப் பிரித்தாலும் முதலில் சிங்கமோ ராக்கெட்டோதான் நம்மைப் பார்க்கிறது.

படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்கு வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். நம் நூலகங்களில் சிறுவர் பகுதி இருக்கிறது, அங்கே நீதிக்கதையும் படக்கதையும் இருக்கும். அதைத் தாண்டினால் நேராக டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, நீட், போலீஸ் தேர்வுக் கைடுகள். நடுவில் எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளை எங்கே உட்காரும்? சின்னப் பிள்ளைகளுடையது என்று தெரிந்தால் அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள். என் பள்ளியில் நல்ல அறிவியல் தொகுப்பு ஒன்று இருந்தது. முதுகில் ‘சிறுவர்’ என்று அச்சடித்திருந்ததால் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் எவரும் எடுக்கவில்லை. அந்த எழுத்தின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, வகைப்பாட்டு எண்ணை மட்டும் எழுதி வைத்தேன். அடுத்த பருவத்திலிருந்து அது அலமாரியில் தங்கவேயில்லை.

இந்த வயதில் களஞ்சியத்தைத் திறப்பது பள்ளிக்கூட வேலைக்காகத்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதி உண்மை. யாரிடமும் கேட்க முடியாததைத் தேடித் திறப்பது மீதிப் பாதி. மனித உடலைப் பற்றிய தொகுதியை மேசையில் வைத்தால் அது தானாகவே ஒரே இடத்தில் விரியும், பைண்டிங் முதலில் விட்டுப்போவதும் அங்கேதான். எந்தப் பள்ளி நூலகரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். அதனால் எந்தக் களஞ்சியம் கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். பருவமடைதல், மாதவிடாய், ஆண்பிள்ளைக்கு உடம்பில் வரும் மாற்றங்கள், முகப்பரு, மனச்சோர்வு, போதைப்பழக்கம் இவையெல்லாம் நேராக, பயமுறுத்தாமல் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பேன். நம் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே வளரிளம் பருவம் தனிப் பாடமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் வந்த சில தொகுப்புகளிலோ எலும்பு, இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று பளபளவென வரிசையாக வந்து, அதோடு உடம்பு முடிந்துவிட்டது. மனிதன் மொட்டு விட்டுப் பெருகுகிறான் போலிருக்கிறது! கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு பெரியவர், “அதெல்லாம் எதுக்குங்க லைப்ரரில?” என்றார். இங்கே இல்லாவிட்டால் எங்கே போய்ப் பார்ப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது.

அடுத்தது புத்தகத்தின் வயது. பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். பார்க்கத்தான் வேண்டும், நம்பிவிடக் கூடாது. ‘மறுபதிப்பு 2023’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதற்கு மேலே பொடி எழுத்தில் முதற்பதிப்பு 2005 என்றிருக்கும், உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்காது. அதனால் நான் நேராகச் சனிக் கிரகத்துக்குப் போய்விடுவேன். சனிக்கு எத்தனை துணைக்கோள்கள்? முப்பது சொச்சம் என்றிருந்தால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. 62 என்றால் அதற்குப் பிந்தைய பத்தாண்டு. 82 என்றால் 2019-ஐ ஒட்டியது. 145 என்றால் 2023. 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 துணைக்கோள்கள் அங்கீகரிக்கப்பட்டு எண்ணிக்கை 274 ஆகிவிட்டது. பதிப்பாளர் என்ன ஆண்டை அச்சடித்தாலும் சனி காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் வாசகர் வட்டத் தலைவருக்கு ஜோசியத்தில் நம்பிக்கை உண்டு, இந்தச் சோதனை மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சனியை விட்டால் தனிம அட்டவணை. 113, 115, 117, 118 ஆகிய தனிமங்களுக்கு 2016 நவம்பரில்தான் பெயர் வைத்தார்கள். நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னெசின், ஓகனெசான் என்று ஏழாம் வரிசை நிறைந்திருக்க வேண்டும். இந்திய வரைபடத்தில் தெலங்கானா (2014), லடாக் (2019) தனியாக இருக்க வேண்டும். புளூட்டோவை இன்னும் ஒன்பதாவது கோளாக வைத்திருக்கும் படப்புத்தகங்கள் கடையில் இப்போதும் கிடைக்கின்றன. அது குறுங்கோள் என்று 2006-லேயே முடிவானது. இன்றைக்குப் பத்தாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை அப்போது பிறக்கவே இல்லை. சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்கு அருகில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 அன்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நேரலை பார்த்த பையன், அது இல்லாத விண்வெளிப் பக்கத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடுவான். அதன்பிறகு அதே புத்தகத்தில் கிரேக்க வரலாறு எவ்வளவு அருமையாக இருந்தாலும் அவன் திரும்பி வரமாட்டான்.

எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொதுக் களஞ்சியத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நூலகத் துறையில் வழங்கும் கணக்கு. நம் நூலகங்களின் வருமானத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் விண்வெளி, கணினி, மருத்துவம், நாடுகளும் வரைபடமும் புதிதாக இருக்கட்டும். விலங்குகள், பழைய நாகரிகங்கள், ஓவியம், இசை இவற்றைப் பத்து வயதான நல்ல பதிப்பிலேயே வாங்கலாம், பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் பழைய நாகரிகம் என்றாலும் ஒரு விதிவிலக்கு உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் சுற்றுலா போய்க் கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கீழடியில் அகழாய்வு தொடங்கியதே 2014-க்குப் பிறகுதான். தென்னிந்தியாவின் பழைய நகரம் என்று தேடினால் ஹம்பியோடு நின்றுவிடும் புத்தகத்தை அவர்கள் கையில் எப்படிக் கொடுப்பது?

வெளிநாட்டுக் களஞ்சியத்தில் நம்மைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்ப்பது தமிழ்ப் பெருமைக்காக அல்ல. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால், நமக்குத் தெரியாத மற்றதை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு மதிப்பு கிடைக்கும். ஈரோட்டுக்காரியான நான் மஞ்சளைத் தேடுவேன். அன்று வந்த தொகுப்புகளில் ஒன்றில் ‘இந்தியக் குழம்புப் பொடியில் சேர்க்கும் மசாலா’ என்று ஒரே வரி. இன்னொன்றில் இஞ்சிக் குடும்பத்துச் செடி, கிழங்கை அவித்துக் காயவைத்து மெருகேற்றும் விதம், குர்குமின், பிறகு அமெரிக்காவில் 1995-ல் மஞ்சளின் புண்ணாற்றும் குணத்துக்குக் காப்புரிமை கொடுத்து, நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைச் சான்று காட்டி வாதாடியபின் 1997-ல் அது ரத்தான கதை வரைக்கும் இருந்தது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் சொற்பம். பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் காவிரியைத் தேடினார், நூலகர் தறியைத் தேடினார். உங்கள் ஊர் தூத்துக்குடி என்றால் முத்துக்குளிப்பைத் தேடுங்கள், நீலகிரி என்றால் தேயிலையை.

கடைசிப் பக்கங்களில் அகரவரிசைச் சுட்டு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அது இல்லாதது களஞ்சியமே அல்ல, படப்புத்தகம். ‘உடல்’ என்ற தலைப்புக்குள் 40 பக்கத்தில் எங்கோ ‘கணையம்’ இருந்தால் சர்க்கரை நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்த பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

இவ்வளவும் பெரியவர்கள் பார்ப்பது. பிள்ளைகளையே கேட்டால் என்ன என்று நூலகரிடம் சொன்னேன். பிரதிநிதியும் மாதிரிப் பிரதிகளைச் சில வாரம் விட்டுப்போக ஒத்துக்கொண்டார், அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். சன்னலோரத்து மேசையில் பரப்பிவைத்தோம். யாரும் அறிவுரை சொல்லக் கூடாது என்று மட்டும் பேச்சு. பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எல்லாரும் ஆகா என்று மெச்சிய புத்தகத்தை நாலு பக்கம் புரட்டிவிட்டு, “பக்கம் பூரா பெட்டி பெட்டியா இருக்குதுங்க, எங்கிருந்து படிக்கறதுன்னே தெரியல” என்று வைத்துவிட்டாள். எனக்கும் அது தோன்றவில்லை. நடுவில் ஒரு பெரிய படம், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு துணுக்குகள், ஒவ்வொன்றும் நாலு வரி. எது எதனால் நடந்தது என்று தொடர்ந்து சொல்லும் ஒரு பத்திகூட இல்லை. ஒன்பதாவது படிக்கும் பையன்கள் இரண்டு பேர் போர் விமானம், கால்பந்து இரண்டையும் தேடிப்பிடித்து, மெஸ்ஸி எந்த அணியில் இருக்கிறார் என்று பார்த்து, புத்தகம் பழசு என்று நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். என் சனிச் சோதனையைவிட அவர்களுடையது வேகம். எல்லாரும் திரும்பத் திரும்ப எடுத்தது, படம் குறைவாகவும் எழுத்து சற்றே பெரிதாகவும் இருந்த ஒற்றைத் தொகுதி மனித உடல் களஞ்சியம். காரணம் கேட்கவில்லை, தெரிந்ததுதான்.

அந்த மேசையில்தான் இன்னொன்றும் தெரிந்தது. தமிழ்வழிப் பிள்ளைகள் ஆங்கிலத் தொகுப்பைப் படம் பார்க்கத்தான் எடுத்தார்கள். படத்துக்குக் கீழே இருக்கும் வரியை ஒரு விரலால் தடவி, உதட்டுக்குள் எழுத்துக் கூட்டிவிட்டு, அடுத்த பக்கம் போனார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பிள்ளைகள் அல்ல. ஆனால் ஒளிச்சேர்க்கையும் உயர் இரத்த அழுத்தமும் அவர்களுக்குத் தமிழில் அறிமுகமானவை. புரிந்ததை மேலும் ஆழமாகப் படிக்கத்தான் களஞ்சியத்திடம் வருகிறார்கள், அங்கே மொழி குறுக்கே நிற்கிறது.

தமிழில் என்ன இருக்கிறது? இங்கே எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். இந்த மாவட்டத்தில் பிறந்து, பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியர் ஆனார். 1954-ல் முதல் தொகுதி, 1968-ல் பத்தாவது. அதோடு ஓயாமல் குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகளை 1968-லிருந்து 1976 வரை கொண்டுவந்தார். கணினி இல்லாத காலத்தில், கலைச்சொல்லே உறுதியாகாத துறைகளில், அறிஞர் ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துக் கட்டுரை வாங்கிச் செய்த வேலை. அவருடைய கீர்த்தனைகளைக் கச்சேரியில் கேட்டுத் தலையாட்டுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. அந்தக் கழகத்தை 1946-ல் தொடங்கியவர் அப்போதைய சென்னை மாகாணக் கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியார். நம் ஊர் நூலகங்களுக்கு உயிர் கொடுத்த 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதும் அவர் அமைச்சராக இருந்தபோதுதான். நூலகமும் வேண்டும், அதில் வைக்கத் தமிழில் களஞ்சியமும் வேண்டும் என்று ஒரே மனிதர் ஒரே சமயத்தில் யோசித்திருக்கிறார். நூலகத்தை எடுத்துக்கொண்டோம். சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி இன்றும் கட்டுகிறோம். களஞ்சியம் மட்டும் 1976-ல் நின்ற இடத்தில் நிற்கிறது.

பிறகு எதுவுமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியமும் வாழ்வியற் களஞ்சியமும் கொண்டுவந்தது. கல்லூரி ஆசிரியருக்கு அவை பெரிய துணை, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நடை கடினம். விகடன் பிரசுரம் பிரிட்டானிகாவோடு சேர்ந்து மூன்று தொகுதிகளில் ஒரு தகவல் களஞ்சியம் வெளியிட்டது. பதின்ம வயதுக்குப் பொருத்தமான நடை அதில் இருந்தது, இப்போது அதற்கும் வயதாகிவிட்டது. அந்தப் பிரிட்டானிகாவே 32 தொகுதிகளான 2010-ஆம் ஆண்டுப் பதிப்போடு, 2012-ல் அச்சை நிறுத்திக்கொண்டது. ஆண்டுதோறும் இன்னும் அச்சில் வருவது அமெரிக்காவின் வேர்ல்டு புக். எளிய மொழியில் தொடங்கிப் போகப்போகக் கனமாகும் அதன் கட்டுரை அமைப்பு இந்த வயதுக்கு அளந்து தைத்த சட்டை. ஆனால் 22 தொகுதிகளின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். எங்கள் சைசிங் மில்காரர் கொடுத்த பணம் அதற்குப் போதாது.

தூரனின் தொகுதிகள் இருக்கிற நூலகங்கள் அவற்றைக் கழிவு செய்துவிடாதீர்கள் என்று இந்த இடத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பூச்சி அரித்தது, காலாவதியானது என்று பழைய தாள் கடைக்குப் போனவற்றை நான் பார்த்திருக்கிறேன். இலக்கியம், மரஞ்செடி, கோயில், இசை பற்றிய கட்டுரைகளில் பல இன்றும் படிக்கத் தக்கவை. ஆனால் பதின்ம வயதினர் அலமாரியில் புதியவற்றோடு கலந்து வைக்க வேண்டாம். தனித் தட்டில், தூரனின் முதல் பத்துத் தொகுதிகளுக்கு ‘1954-க்கும் 1968-க்கும் இடையில் எழுதப்பட்டது’ என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு முன்பு நிலவைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று படிக்கக் கொடுத்தால் ஒன்பதாம் வகுப்பு வாயைப் பிளக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இதைக் காசில்லாமலே படிக்கலாம்.

இந்த இடத்தில் யாராவது விக்கிப்பீடியா இருக்கிறதே, செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை நானும் தினமும் பார்க்கிறேன், சம்பளம் வாங்காமல் எழுதும் அந்தப் பிள்ளைகளைக் கும்பிடுகிறேன். ஆனால் எங்கள் ஊரில் நடப்பது வேறு. ப்ராஜெக்ட் என்றதும் பிள்ளை பேருந்து நிலையத்துப் பிரவுசிங் சென்டருக்குப் போகிறது. கடைக்காரர் தலைப்பைக் கேட்டு, தானே தேடி, தானே அச்செடுத்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுக்கிறார். பக்கத்துக்கு ஐந்து ரூபாய், வண்ணம் என்றால் பத்து. அட்டையில் பெயர் எழுதுவது மட்டும் மாணவர் வேலை. இப்போது செல்போனிடம் கேட்டால் அந்த ஐந்து ரூபாயும் மிச்சம். அது தரும் பதிலை எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார் என்று கேட்க வழியில்லை. வேர்ல்டு புக்கில் கட்டுரைக்குக் கீழே எழுதியவர் பெயர் இருக்கும். தப்பு என்றால் அவர் சட்டையைப் பிடிக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கவாவது அச்சில் நல்லதாக ஒன்று வேண்டும்.

வாங்கியதும் பூட்டி வைக்கிற வழக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. விலை உயர்ந்த புத்தகம் என்று கண்ணாடி பீரோவில் வைத்துச் சாவியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டால், கேட்டு வாங்கக் கூச்சப்படுகிற வயதுப் பிள்ளை கேட்கவே கேட்காது. அதிலும் நான் மேலே சொன்ன பக்கங்களைப் படிக்க? புத்தகம் பயன்படுத்தத்தான் என்பதை நூலகவியலின் முதல் விதியாக 1931-லேயே எழுதிவைத்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். பிளேடால் படத்தை வெட்டிவிடுகிறார்களே என்ற கவலை எனக்கும் உண்டு, பட்டவள்தான். சார்ட்டில் ஒட்டப் படம் வேண்டும், அதற்குத்தான் வெட்டுகிறார்கள். கழிவு செய்த பழைய படக் களஞ்சியங்களை ஒரு பெட்டியில் போட்டு, ‘வெட்டிக்கொள்ளலாம்’ என்று எழுதி வாசலில் வைத்தேன், கூடவே கத்தரிக்கோலும். அலமாரியில் இருந்தவை தப்பித்தன.

கடைசியில் எங்கள் வட்டம் பெரிய தொகுப்பு எதையும் வாங்கவில்லை. மனித உடல், அறிவியல், உலக வரலாறு என்று மூன்று ஒற்றைத் தொகுதிகள், ஒரு நல்ல அட்லஸ், தமிழில் பல்வேறு பதிப்பகங்களின் துறைவாரியான நூல்கள் சில, அவ்வளவுதான். செலவு பாதியைத் தாண்டவில்லை. மிச்சத்தை இரண்டு ஆண்டு கழித்து அறிவியல் தொகுதியை மாற்றவும் புது வரைபடம் வாங்கவும் ஒதுக்கிவைத்தோம். புரவலர் வந்து பார்த்தார், முகம் சுருங்கியது. அட்லஸை விரித்ததும் அது மேசையை முழுசாக அடைத்துக்கொண்டதால் சமாதானமானார்.

இதைப் பொதுநூலகத் துறையும் புத்தகத் தேர்வுக் குழுக்களும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பதின்ம வயதினர் பிரிவுக்கு ஒட்டுமொத்தமாகக் களஞ்சியம் வாங்கும் முன் மாதிரிப் பிரதிகளை மாவட்டத்துக்கு ஒரு நூலகத்திலாவது பிள்ளைகள் பார்க்கும்படி வையுங்கள். முதற்பதிப்பு ஆண்டையும் கடைசியாகத் திருத்திய ஆண்டையும் பதிப்பாளர் விலைப்பட்டியலிலேயே எழுதித் தர வேண்டும் என்று விதி போடுங்கள். எல்லா நூலகத்துக்கும் ஒரே தொகுப்பை அனுப்பாதீர்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வேறு வேறு தொகுப்பு இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ்க் களஞ்சியத்துக்கு வருகிறேன். கேரளத்தில் அரசே கலைக்களஞ்சிய வெளியீட்டுக்கென்று திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனம் வைத்து 1970-களிலிருந்து மலையாளத்தில் தொகுதிகளைக் கொண்டுவருகிறது. நம்மிடம் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது, தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பாடநூல் கழகம் இருக்கிறது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு ஐந்தாறு தொகுதிகள் போதும். ஆண்டுக்கொரு மெல்லிய இணைப்புத் தொகுதி வந்தால் சனியின் துணைக்கோள்களையும் மெஸ்ஸியின் அணியையும் அதில் சரிசெய்துகொள்ளலாம். இவர்களில் யார் கையில் எடுத்தாலும், அச்சுக்குப் போகும் முன் சில மாதிரிப் பக்கங்களை எங்கள் நூலகத்துக்கு அனுப்பட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த மேசையில் உட்காருகிற பிள்ளைகள் படித்துப் பார்த்து, எது புரியவில்லை, எது பழசு என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புவார்கள். தபால் செலவு வாசகர் வட்டத்தினுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி நூலகர்,
ஈரோடு மாவட்டம்.